கைது செய்துவிட்டார்கள், அப்புறம்?

கைது என்று ஆகிவிட்டால் முதலில் மணி பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையில் கடிகாரம் இருந்தால் அதில், இல்லையா, சுவரில்; அதுவும் இல்லையா, கூட வரும் போலீஸ்காரரிடமே கேளுங்கள். இனி நடக்கப்போகும் எல்லாமே அந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படும். எத்தனை மணி நேரம் ஸ்டேஷனில் வைத்திருக்கலாம், எதற்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கும் கணக்குகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். உங்களைக் காலை 9 மணிக்கு அழைத்துப் போயிருப்பார்கள். காகிதத்தில் மாலை 5 மணி என்று ஏறியிருக்கும். நடுவில் அந்த 8 மணி நேரம் எங்கே போனது என்று வக்கீல் கேட்க வேண்டுமானால், 9 மணி என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

ஸ்டேஷன் படியை இதுவரை மிதித்திராதவர்களுக்காகவும், தம்பியையோ தோழியையோ பிடித்துவிட்டார்கள் என்று நடு ராத்திரியில் போன் வந்து எழுந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குற்றம் செய்தவரா, செய்யாதவரா என்பது இங்கே பேச்சில்லை. இரண்டு பேருக்கும் நடைமுறை ஒன்றுதான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய எங்கும் ஒன்றே: பிடிப்பார்கள், பதிவார்கள், கேள்வி கேட்பார்கள், நீதிபதி முன் நிறுத்துவார்கள், ஜாமீன் பற்றி முடிவாகும், அப்புறம் வழக்கு நடக்கும். முக்கியமாக வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பிடிக்கும்போது

"என்னைக் கைது செய்கிறீர்களா, இல்லை விசாரணைக்கு மட்டும் கூப்பிடுகிறீர்களா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கைது இல்லை என்றால் எழுந்து போகலாமா என்று கேட்கலாம். இந்தியாவில் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பிடித்த கையோடு கைது என்று போகக்கூடாது. அவசியம் இல்லாவிட்டால் நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதை 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. இங்கிலாந்தில் கைது செய்யாமலே 'நீங்களாக வந்து பேசுங்கள்' என்று கூப்பிடுவதுண்டு. பெயர் சாதுவாக இருக்கும். ஆனால் அங்கே பேசுவதும் பதிவாகும், அதற்கும் வக்கீலை உடன் வைத்துக்கொள்ளலாம்.

கைதுதான் என்றால் காரணம் கேளுங்கள். 1966-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, கைதாகும்போதே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. இந்திய அரசமைப்பின் 22-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

காரணம் அபத்தமாக இருந்தாலும் கையை உதறாதீர்கள், ஓடாதீர்கள். தப்பான கைதை எதிர்த்து வாதாட இடம் நீதிமன்றம். தெருவில் வாதாடினால் அதுவே தனி வழக்காகும். முதல் வழக்கு ஒன்றுமில்லாமல் போய், 'கடமையைச் செய்யவிடாமல் தடுத்தார்' என்ற இரண்டாவது வழக்கு மட்டும் நின்றுகொண்டிருக்கும் கூத்தெல்லாம் நடக்கும். வீட்டையோ பையையோ சோதனை போடுகிறார்கள் என்றால், "எனக்குச் சம்மதமில்லை" என்று ஒரு தடவை அமைதியாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தடுக்க வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு மனிதருக்காவது தெரிய வேண்டும்: எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, யார் அழைத்துப் போகிறார்கள். வீட்டில் யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் போகலாம், வெட்கப்பட நேரமில்லை.

ஸ்டேஷனில்

பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்பார்கள். இவற்றை உண்மையாகச் சொல்லிவிடுங்கள். பொய்ப் பெயர் கொடுத்து இன்னொரு குற்றத்தைச் சம்பாதிக்க வேண்டாம். போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகை எடுப்பார்கள், சில நாடுகளில் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மரபணு மாதிரியும் எடுப்பார்கள்.

அப்புறம் பையைக் காலி செய்யச் சொல்வார்கள். பெல்ட், ஷூ லேஸ், கால்சட்டை நாடா எல்லாம் போகும். அவமானப்படுத்துகிறார்கள் என்று தோன்றும். உள்ளே இருப்பவர் தற்கொலைக்கு முயன்றுவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எடுத்த பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதுவார்கள். உங்கள் தங்கச் சங்கிலியை அதில் 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். உரசிப் பார்க்காமல் தங்கம் என்று எழுத மாட்டார்கள், பல ஊர்ப் போலீசுக்கும் அது பழக்கம். சண்டை போட வேண்டியது வேறு இடத்தில்: எண்ணிக்கை சரியா, பணம் எவ்வளவு என்று எண்ணி எழுதியிருக்கிறார்களா, செல்போனின் அடையாள எண் இருக்கிறதா. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கையெழுத்து. நகல் கேளுங்கள்.

உடம்பைப் பற்றிய விஷயத்தில் கூச்சமே கூடாது. சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், வேளை தவறாமல் போட வேண்டிய மாத்திரை, ஏன், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வரும் நடுக்கம்வரை எல்லாவற்றையும் முதல் சந்தர்ப்பத்திலேயே சொல்லுங்கள். தினசரிக் குடியைப் பட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அடி பட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது பக்கத்தில் போலீஸ் நிற்பதால் "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சீட்டில் எழுதியதுதான் ஆறு மாதம் கழித்தும் நிற்கும். முடிந்தால் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். இந்தியாவில் கைதானவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது கட்டாயம்.

அதற்கப்புறம் காத்திருப்பு. முதல் ஒரு மணி நேரம் பரபரப்பாக இருக்கும். பிறகு ஐந்து மணி நேரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மின்விளக்கு அணையாது, தூக்கம் வராது, வெளியே பகலா இரவா என்று தெரியாது. என் கணிப்பில் கேள்விகளைவிட ஆளை அதிகம் உடைப்பது இந்த வெறுமைதான். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வீட்டுக்குப் போயிடலாம்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த வெறுமையின் கடைசியில்தான் வரும்.

வாயும் கையெழுத்தும்

இந்தப் பகுதி நீளம். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்பதால் நீளம்.

உங்கள் வாயாலேயே உங்களைக் குற்றவாளியாக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது உலகின் பெரும்பாலான சட்டங்களில் உண்டு. இந்திய அரசமைப்பின் 20(3) அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் 1966-இல் வந்த மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு, காவலில் வைத்து விசாரிக்கும் முன் 'பேசாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு' என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அதே அமெரிக்காவில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தது: பேசாமல் இருப்பதற்கும் வாயைத் திறந்து 'பேசப்போவதில்லை' என்று சொல்ல வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டிருந்து, மூன்று மணி நேரம் கழித்து ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்றுவிட்டால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளலாம் என்றது.

அதனால் எந்த நாடாக இருந்தாலும் இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன். அதுவரை எதற்கும் பதில் சொல்ல விரும்பவில்லை." மரியாதையாக, ஒரே தடவை. மறுபடி கேட்டால் மறுபடி இதே வாக்கியம். சொன்ன பிறகு கடைப்பிடியுங்கள். காரில் போகும்போது பேச்சுக் கொடுப்பார்கள், தண்ணீர் நீட்டிக்கொண்டே "என்னதான்பா நடந்துச்சு?" என்பார்கள். அதெல்லாம் விசாரணை ஆகாது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். கூட அடைபட்டிருப்பவரிடமும் வழக்கைப் பற்றி வேண்டாம். கிரிக்கெட், மழை, குழந்தைகளின் படிப்பு, இதெல்லாம் பேசலாம்.

"உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்பது பழைய வித்தை. அமெரிக்காவில் போலீஸ் இப்படிப் பொய் சொல்லலாம் என்பதற்கு 1969-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துணை நிற்கிறது. சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். உங்கள் பதில் இரண்டிலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மௌனம் எல்லா இடத்திலும் இலவசமல்ல. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விசாரணையில் சொல்லாத ஒன்றைப் பிற்பாடு நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு எதிராக நினைக்க இடமுண்டு. சிங்கப்பூரிலும் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி வாக்குமூலம் கேட்கும்போது சொல்லாமல் விட்ட தற்காப்பைப் பிறகு நம்ப மறுக்கலாம். அப்படியானால் அங்கே பேசிவிடுவதா? வக்கீலைக் கேட்டு முடிவெடுப்பது. இங்கிலாந்தில் கைதானவர் யாராக இருந்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், ஸ்டேஷனுக்கு வரும் வக்கீல் இலவசம். அவர் வராமல் பேசத் தொடங்குவது கையிலிருக்கும் குடையை மடக்கிவிட்டு மழையில் போவது மாதிரி.

இந்தியாவில் வேறொரு தைரியம் உலவுகிறது: "போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்ல செல்லாது, என்ன வேணா சொல்லலாம்." பாதிதான் சரி. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது, உண்மை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தார்கள் என்றால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள அளவு பேச்சு உள்ளே வந்துவிடும். கத்தி இருக்கும் இடத்தைச் சொன்னால் கத்தியும் வரும், சொன்ன வாக்கியமும் கூடவே வரும்.

இனி கையெழுத்து. நீங்கள் பேசுவதும் எழுதப்படுவதும் ஒரே மொழியில் இருந்தாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்கள் சொன்னது "கூட்டத்துல யாரோ தள்ளினாங்க, நானும் அவர் மேல சாய்ஞ்சிருப்பேன்." தாளில் இருப்பது "நான் மேற்படி நபரைத் தள்ளினேன்." யாரும் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை, எழுதுபவருக்கு அவருடைய பழக்கமான நடை இருக்கிறது, அந்த நடையில் 'சாய்ஞ்சிருப்பேன்' என்பதற்கு இடமில்லை. அதனால்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்கிறேன். படிக்க வராதவர் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தெரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும். தவறு இருந்தால் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம். கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். "பார்மாலிட்டிக்குத்தான்" என்றால் இன்னும் வேண்டாம். ஏற்க முடியாத தாளில் கையெழுத்துப் போட மறுப்பதும், போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால் பக்கத்தில் 'படித்துக் காட்டவில்லை' என்று எழுதுவதும் உங்கள் கையில் இருக்கின்றன.

செல்போனும் ஒரு வகையில் வாய்தான், அதுவும் ஓயாமல் பேசும் வாய். பாஸ்வேர்டு கொடுக்க வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் முறையான நோட்டீஸ் கொடுத்த பின் மறுத்தால் அதுவே குற்றம். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நில்லுங்கள். எதையும் அழிக்காதீர்கள், வெளியில் இருப்பவர்களையும் அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தது தெரிந்தால் சாட்சியத்தைக் கலைத்தார் என்று ஆகும், அப்புறம் ஜாமீன் வாங்குவது பெரும்பாடு.

வக்கீல்

நல்ல வக்கீல் யார் என்று விசாரித்துக்கொண்டே முதல் நாளைக் கழிக்காதீர்கள். முதல் நாளுக்கு வேண்டியது ஸ்டேஷனுக்கு வரக்கூடிய வக்கீல். பெரிய வக்கீலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

காசு இல்லையென்றாலும் கதவு அடைபடாது. அமெரிக்காவில் 1963-இல் வந்த கிடியன் தீர்ப்பிலிருந்து, வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். கனடாவில் கைதானதும் சட்ட உதவி வக்கீலிடம் போனில் பேச ஏற்பாடு செய்வார்கள். இந்தியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வக்கீல் பெறலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. சிங்கப்பூரில் 2022 டிசம்பரிலிருந்து அரசுத் தரப்பிலேயே பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இயங்குகிறது. ஆனால் அங்கே வக்கீலைப் பார்க்கும் உரிமை 'நியாயமான நேரத்துக்குள்' என்றுதான் இருப்பதால், முதல் வாக்குமூலத்தின்போது அவர் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

வக்கீலிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமானதை முதலில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு சிசிடிவி காட்சியை எடுத்துப் போடும்போதுதான் உங்கள் வக்கீல் அதை முதல்முறை பார்க்கிறார் என்றால், அன்றைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம், எப்போது என்று முதலிலேயே பேசி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்கே வெளியே எடுத்துடறேன், கியாரண்டி" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஜாமீன் கொடுப்பது நீதிபதி. அவர் சார்பில் யாராலும் கியாரண்டி தர முடியாது.

வெளியே இருப்பவர்கள் என்ன செய்வது

எனக்குத் தெரிந்த ஒருவர், போனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கால் பேச அனுமதித்தார்கள். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர், சின்ன வயதில் வீட்டில் இருந்த லேண்ட்லைன். இணைப்பைத் துண்டித்துப் பல வருடம் ஆகியிருந்தது. இதைப் படிக்கும்போதே இரண்டு பேருடைய நம்பரை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

தகவல் வந்ததும் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை: எந்த ஸ்டேஷன், என்ன பிரிவு, வழக்கு எண், விசாரணை அதிகாரி யார், எந்த நீதிமன்றத்துக்கு எப்போது அழைத்துப் போகிறார்கள். ஒரு நோட்டில் தேதியும் மணியும் போட்டு எழுதுங்கள். பிடித்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர் பெயரும் அதில் இருக்கட்டும். எடுத்துப் போக வேண்டியவை மாத்திரை, மருத்துவரின் சீட்டு, மூக்குக் கண்ணாடி, மாற்றுத் துணி, அடையாள அட்டையின் நகல். நாடா வைத்த துணி வேண்டாம், திருப்பித் தந்துவிடுவார்கள்.

உள்ளே இருப்பவரோடு பேசக் கிடைத்தால் வழக்கு தவிர வேறு எதையும் பேசுங்கள். அமெரிக்கச் சிறைகளில் அந்தப் பேச்சு பதிவாகிறது என்ற அறிவிப்பே முதலில் வரும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த நொடியே நடந்ததை எல்லாம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

புகார் கொடுத்தவர் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகாதீர்கள். நல்ல மனதோடு போனாலும் 'மிரட்டினார்கள்' என்று எழுதிவிட முடியும். சோஷியல் மீடியாவில் நியாயம் கேட்டு எழுதவும் வேண்டாம். அப்புறம், ஸ்டேஷன் வாசலிலும் கோர்ட் வாசலிலும் நின்றுகொண்டு "உள்ள ஆள் இருக்கு, பாத்துக்கலாம்" என்று காதில் ஓதுபவர்கள் வருவார்கள். காசும் போகும், லஞ்சம் கொடுத்த வழக்கும் வரலாம்.

வெளிநாட்டில் கைதாகியிருந்தால் இன்னொன்று சேரும். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி, நீங்கள் கேட்டால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும். இப்படி ஒரு உரிமை இருப்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். தூதரகம் வழக்கை நடத்தாது, அபராதம் கட்டாது. வந்து பார்க்கும், வக்கீல் பட்டியல் தரும், வீட்டுக்குச் சொல்லும். எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதே அரசின் தூதரகத்துக்குத் தகவல் போவது அகதிக்கு ஆபத்து. அவர் கேட்காமலே இருந்துவிடலாம், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீதிபதி முன்னால்

மறுபடியும் மணிக்குத் திரும்புவோம். இந்தியாவில் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். மலேசியாவிலும் பயணம் போக 24 மணி நேரம், இலங்கையிலும் பொதுவாக 24 மணி நேரம்தான். சிங்கப்பூரில் 48. அமெரிக்காவில் வாரண்ட் இல்லாமல் பிடித்தவரின் கைதுக்கு முகாந்திரம் உண்டா என்பதை ஒரு நீதிபதி பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் குற்றச்சாட்டுப் பதியாமல் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். கடுமையான குற்றமென்றால் மேலதிகாரி 36 வரை நீட்டலாம், நீதிமன்ற அனுமதியோடு 96 வரை போகும். ஜப்பானில் நீதிபதியின் அனுமதியோடு, குற்றச்சாட்டே இல்லாமல் 23 நாள் வரை வைத்திருக்க முடியும். பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களின் கீழ் கைதானால் பல நாடுகளில் கணக்கே வேறு. இலங்கையின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்கியவர்களின் குடும்பங்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் முறை நீதிமன்றம் போகிறவர்கள் எல்லாரும் ஏமாந்து போவார்கள். நடந்ததைச் சொல்ல ஒரு நாள் வரப்போகிறது என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெயரைக் கூப்பிடுவார்கள், இரண்டு வக்கீல்கள் ஏதோ பேசுவார்கள், தேதி சொல்லுவார்கள், அவ்வளவுதான். அது வழக்கு விசாரணை இல்லை. இவரை இனியும் அடைத்து வைக்க வேண்டுமா என்பது மட்டுமே அன்றைய கேள்வி. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் சொல்ல வேண்டியவை வேறு: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், அடித்தார்களா, காரணம் சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, மருந்து கிடைக்கிறதா. நீதிபதி "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் தயங்காதீர்கள். கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

இந்தியாவில் 'ரிமாண்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ் கஸ்டடியா, நீதிமன்றக் காவலா என்று பிரித்துக் கேளுங்கள். முதலாவதில் விசாரணைக்காக மறுபடி ஸ்டேஷன், இரண்டாவதில் சிறை. பொதுச் சட்டத்தின் கீழ் போலீஸ் கஸ்டடி மொத்தம் 15 நாளைத் தாண்டாது. அமெரிக்காவில் 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். தொடக்கத்தில் 'இல்லை' என்பதுதான் வழக்கம். அது பொய் சொல்வது ஆகாது, நிரூபியுங்கள் என்று சொல்வது.

ஜாமீன்

நீதிபதி பார்ப்பவை பெரும்பாலும் மூன்று: ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, மறுபடி ஏதாவது செய்வாரா. அதனால் ஜாமீன் மனுவுக்குத் தேவைப்படும் காகிதங்கள் உங்கள் வேர் எங்கே இருக்கிறது என்று காட்டுபவை: வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், குழந்தைகளின் பள்ளிச் சான்று, மருத்துவச் சீட்டு. 'இவர் ரொம்ப நல்லவர்' என்று பத்துப் பேர் எழுதிக் கொடுத்த கடிதங்களைவிட ஒரு வாடகை ஒப்பந்தம் அதிகம் பேசும்.

சில இடங்களில் சொந்தப் பத்திரத்திலேயே, அதாவது கூப்பிடும்போது வந்துவிடுவேன் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதை வைத்தே, விடுவார்கள். சில இடங்களில் ஜாமீன்தாரர் வேண்டும். நீங்கள் வராவிட்டால் தொகையைக் கட்ட வேண்டியவர் அவர். இது தெரியாமல் நட்புக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, எனவே அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஜாமீன் ஏஜென்ட் பெரும்பாலும் தொகையில் 10 சதவீதம் வாங்கிக்கொண்டு மீதிக்குப் பொறுப்பேற்பார். அந்த 10 சதவீதம் வழக்கில் ஜெயித்தாலும் திரும்பாது. இல்லினாய் மாநிலம் மட்டும் 2023 செப்டம்பரில் பணம் கட்டும் ஜாமீனையே எடுத்துவிட்டது.

"ஜாமீன் கிடைச்சிடுச்சு" என்று கேட்டதும் சிறை வாசலுக்கு ஓடாதீர்கள். உத்தரவு டைப் ஆக வேண்டும், ஜாமீன்தாரரின் காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும், உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட மறுநாள் என்பார்கள். உத்தரவு கையில் கிடைத்தவுடன் பெயர், தந்தை பெயர், வழக்கு எண் மூன்றையும் வழக்கின் மற்ற காகிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சின்ன வேலை ஒரு ராத்திரியை மிச்சப்படுத்தும்.

நிபந்தனைகள் இருக்கும்: குறிப்பிட்ட நாட்களில் ஸ்டேஷனில் கையெழுத்து, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, புகார்தாரரிடம் பேசக்கூடாது, ஊரை விட்டுப் போகக்கூடாது. புகார்தாரரே போன் செய்தாலும் எடுக்கக்கூடாது. நிபந்தனை உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. மீறினால் ஜாமீன் ரத்தாகும்.

கிடைக்கவில்லையென்றால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம், சூழ்நிலை மாறினால் மறுபடியும் கேட்கலாம். இந்தியாவில் இங்கே இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: 60 நாளில், கடும் குற்றங்களுக்கு 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்டுப் பெறுவது உரிமை. இந்த நாள்களை நீதிபதி முதல் முறை ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், ஆகையால் 61-ஆம் நாள் காலையில் மனு தயாராக இருக்கட்டும்.

அதன் பிறகு

வழக்கு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் நடக்கும். பெரும்பாலான வாய்தாக்களில் ஒன்றுமே நடக்காது. அதற்காகப் போகாமல் இருந்துவிட்டால் பிடிவாரண்ட் வரும். உடம்பு சரியில்லையா, முந்தின நாளே வக்கீலிடம் சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை நகல் கிடைத்ததும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். நேரமும் இடமும் தப்பாக இருப்பதை வக்கீலைவிட நீங்கள்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள், ஏனென்றால் அங்கே இருந்தவர் நீங்கள்.

"ஒப்புக்கொண்டால் குறைவான தண்டனை" என்று பேச்சு வந்தால், தண்டனையோடு சேர்த்து மற்றதையும் கேளுங்கள்: விசா, வேலை, லைசென்ஸ் என்ன ஆகும்? குடியுரிமை இல்லாதவருக்குச் சின்ன அபராதமே நாடு கடத்தலில் முடியலாம். அமெரிக்காவில் 2010 முதல் இதை எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை.

வேலை விண்ணப்பங்களில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று சொல் சொல்லாகப் படியுங்கள். 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா', 'வழக்கு நிலுவையில் இருக்கிறதா', 'எப்போதாவது கைதானீர்களா' மூன்றும் தனித்தனிக் கேள்விகள். கைதாகி விடுதலையானவர் முதல் கேள்விக்கு 'இல்லை' என்றே எழுதலாம். மூன்றாவதற்கு அப்படி எழுதினால், வழக்கால் போகாத வேலை பொய்யால் போகும்.

வழக்கு முடிந்த அன்று எல்லாரும் கோர்ட்டை விட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. தீர்ப்பின் சான்றளித்த நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேறு எதையும் நம்ப மாட்டார்கள். பிறகு ஜாமீன் தொகை, பாஸ்போர்ட், போன், பறிமுதல் செய்த மற்றவை எல்லாவற்றுக்கும் மனு. தானாகத் தேடி வராது. முதல் நாள் வாங்கிய பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று. கையில் வாங்கி, கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.